எந்தப் பக்கமுங்க வலிக்குது?

நான் வேலையிலிருந்து நின்று நான்கு மாதமாகிறது. போன வாரம் ஸ்கேன் சென்டரிலிருந்து போன் வந்தது. பேசியது நித்யா. ரிப்போர்ட் டைப் செய்யும் மேஜையில் இப்போது என் இடத்தில் இருப்பவர்.

“அண்ணா, புது சாஃப்ட்வேர் போட்டாச்சுங்க. டாக்டரம்மா பேசப் பேச அதுவே டைப் பண்ணிக்குது. ஆனா மார்பு ஸ்கேனுக்கு மட்டும், ரிப்போர்ட் குடுக்கறதுக்கு முன்னாடி பேஷண்ட்டைக் கூப்பிட்டு ‘எந்தப் பக்கமுங்க வலிக்குது’ன்னு கேட்டுக் கையால எழுதோணும்னு இங்க ஒரு நோட்டு ஒட்டியிருக்குதே, அதை இன்னும் செய்யோணுங்களா? உள்ளதான் சொன்னனேன்னு கோவிச்சுக்கறாங்கண்ணா.”

“செய்யோணும் கண்ணு.”

“ஏனுங்கண்ணா?”

போனில் சொல்லி முடிகிற கதை இல்லை. எழுதி அனுப்புகிறேன் என்றேன். அந்த நோட்டு அங்கே ஒட்டப்பட்டதற்குக் காரணம் நான்தான். பெருமைப்படும்படி எதையும் செய்து அதை ஒட்ட வைக்கவில்லை.

எங்கள் ஊர் மங்கலம். வீட்டில் விசைத்தறி. தறிச் சத்தத்தில் எனக்குத் தலைவலி வருவதைப் பார்த்து அப்பா பல்லடத்தில் டைப்ரைட்டிங் சேர்த்துவிட்டார். ஹையர் பாஸ் செய்தேன். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பதினோரு வருடம் பேக்கிங் லிஸ்ட் அடித்தேன். எந்தப் பெட்டியில் எந்த சைஸ், எத்தனை பீஸ் என்பதுதான் அந்தப் பட்டியல். அங்கே தப்பாக அடித்தால் பெட்டியை மறுபடி பிரிக்க வேண்டும், மேனேஜர் கத்துவார், அவ்வளவுதான். அந்தக் கம்பெனி மூடியபோது, ஸ்கேன் சென்டருக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

டாக்டரம்மா என்னிடம் கேட்டது ஒரே விஷயம்தான். “உங்களுக்குப் புரியாத வார்த்தை வந்தா என்ன பண்ணுவீங்க?”

“உங்களைக் கேப்பனுங்க.”

“ரெண்டாவது தடவையும் புரியலீன்னா?”

“மறுபடியும் கேப்பனுங்க.”

“நாளைக்கே வந்துருங்க ஆறுமுகம்.”

அவர் பெயர் சுலோசனா. தாராபுரம் பக்கம் விவசாயக் குடும்பம். சென்டரும் அவருடையது, ஸ்கேன் பார்ப்பதும் அவரே. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். ‘ஆறுமுகம், இதைப் பாருங்க’ என்றால் சாதாரணம். ‘தயவு செஞ்சு இதைச் சித்தெப் பாக்கறீங்களா’ என்றால் ஏதோ பெரிய தப்பு என்று அர்த்தம்.

எந்த நோயாளியிடமும் ‘பயப்படாதீங்க’ என்று சொல்லமாட்டார். அது ஏன் என்று ஒருநாள் கேட்டேன். “பயப்படறதும் பயப்படாததும் அவங்க இஷ்டமுங்க. உள்ள என்ன தெரியுதோ அதைச் சொல்றதுதான் நம்ம வேலை” என்றார். மார்பு வலி என்று வருகிறவர்களை ஒற்றை விரலால் இடத்தைக் காட்டச் சொல்வார். உள்ளங்கையை வைத்துப் பொத்தாம்பொதுவாகக் காட்டினால் விடமாட்டார், மறுபடி கேட்பார். பிறகு ஒருக்களித்துப் படுக்க வைத்து, மார்பு சரிந்த இடத்தில் விலா எலும்பை அழுத்திப் பார்ப்பார். வலி மார்பிலா, எலும்பிலா என்று தெரிந்துகொள்ளத்தான். மாதவிலக்கை ஒட்டி வருகிறதா, எத்தனை நாள் இருக்கிறது, என்ன வேலை செய்கிறார்கள், கை எவ்வளவு நேரம் தூக்கியபடி இருக்கும், எல்லாம் கேட்பார்.

இவையெல்லாம் எனக்குத் தெரிந்தது ரெக்கார்டர் வழியாக. டாக்டரம்மா ஸ்கேன் செய்துகொண்டே சின்ன ரெக்கார்டரில் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு போவார். நடுநடுவே நோயாளியின் குரலும் விழும். பெண்களைப் பரிசோதிக்கும் அறைக்குள் நான் போனதில்லை. வெளியே என் மேஜையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டுக் கேட்டு அடிப்பேன். அடித்ததைப் பிரிண்ட் எடுத்து வைத்தால், அவர் ஒருமுறை மேலிருந்து கீழே படிப்பார். பிறகு கீழிருந்து மேலே, வரி வரியாக. “மேலிருந்து படிச்சா மனசு தானா நிரப்பிக்கும். கீழிருந்து படிச்சாத்தான் கண்ணு பாக்கும்” என்பார். அதற்குப் பிறகுதான் கையெழுத்து.

இங்கிலீஷில் அடிக்கும் அந்த ரிப்போர்ட்டில் இரண்டு பகுதி உண்டு. மேலே விவரம், பத்துப் பதினைந்து வரி. கீழே முடிவு, இரண்டு மூன்று வரி. ரிப்போர்ட்டை வாங்கிப் பார்க்கும் டாக்டர்கள் பலர் அவசரத்தில் முடிவை மட்டும்தான் படிப்பார்கள்.

எனக்கு ஒரு குறுக்குவழி இருந்தது. ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் வெற்றுத் தாளில் தொடங்காமல், முந்தைய நோயாளியின் ஃபைலைத் திறந்து, பெயர், வயது, அளவு எல்லாவற்றையும் மாற்றிப் புதுப் பெயரில் சேமித்துவிடுவேன். பாதி நேரம் மிச்சம். அப்படியே பல வருடம் செய்தேன், ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கலாமணி முதல்முறை வந்த நாள் எனக்குச் சரியாக நினைவில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அன்று கூட்டம் அதிகம். மதியத்துக்கு மேல், பல்லடத்திலிருந்து ரத்தப்போக்கோடு ஒரு கர்ப்பிணியைக் கொண்டுவந்து இறக்கினார்கள். டாக்டரம்மா உள்ளே ஓடும்போது, காத்திருந்த ரிப்போர்ட்டுகளுக்கு நின்றபடியே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அவர் கீழிருந்து மேலே படிக்காத நாள் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

பதினான்கு மாதம் கழித்து அவர் மறுபடி வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. காலை பதினோரு மணி இருக்கும். நாற்பதைத் தாண்டிய பெண். துணிப்பையில் ஒரு ஃபைல். வரவேற்பில் இருந்த பெண் “டாக்டர் சீட்டு இருக்குதுங்களா?” என்று கேட்டதற்கு, இல்லை என்று தலையாட்டிவிட்டு அங்கேயே நின்றார். பழைய நம்பரைத் தேடித் தரச் சொல்லி அவரை என் மேஜைக்கு அனுப்பிவைத்தார்கள்.

“பேரு சொல்லுங்க.”

“கலாமணிங்க. பனியன் கம்பெனில செக்கிங் வேலைங்க.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஏனுங்க, நான் சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாது. எனக்கு ஒரட்டாங்கைப் பக்கந்தானுங்க வலி. எல்லாரும் சோத்தாங்கைப் பக்கத்தைப் பார்த்துப்போட்டு ஒண்ணுமில்லீங்கறாங்க. இன்னொருக்கா இந்தப் பக்கத்தைப் பாக்கச் சொல்றீங்களா?”

சொல்லிக்கொண்டே இடது பக்கத்தில் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். ஆண்பிள்ளையிடம் இதைச் சொல்ல அவர் எவ்வளவு தயங்கியிருப்பார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

ஃபைலை வாங்கினேன். நாங்கள் கொடுத்த பழைய ரிப்போர்ட் மேலேயே இருந்தது. விவரத்தில் இருந்தது இதுதான். இடது மார்பு, கடிகாரத்தில் இரண்டு மணித் திசையில், அக்குள் பக்கமாக, எட்டு மில்லிமீட்டரில் ஒரு சின்னக் கட்டி, ஓரம் ஒழுங்காக இருக்கிறது. முடிவில் இருந்தது: வலது மார்பில் சின்னக் கட்டி, பெரும்பாலும் தீங்கற்றது, ஆறு மாதத்தில் மறுபடி பார்க்கவும்.

மேலே இடது. கீழே வலது.

ஒருமுறை படித்தேன். இன்னொருமுறை படித்தேன். கம்ப்யூட்டரில் அந்தத் தேதியைத் திறந்தேன். கலாமணிக்கு முந்தைய நோயாளிக்குக் கட்டி வலது பக்கம். அந்த ஃபைலின் மேல்தான் இவருடையதை அடித்திருக்கிறேன். பெயரை மாற்றியிருக்கிறேன், வயதை, அளவை, மேலே பக்கத்தைக்கூட மாற்றியிருக்கிறேன். முடிவு வரியில் ஒரு சொல்லை விட்டிருக்கிறேன்.

மீதிக் கதை அவர் ஃபைலிலேயே இருந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்த ஆஸ்பத்திரியில் முடிவை மட்டும் படித்து, வலது பக்கக் கட்டி சின்னதுதான், இடது பக்க வலி சதைப்பிடிப்பு என்று மாத்திரை எழுதியிருந்தார்கள். ஆறு மாதம் கழித்துக் கம்பெனிக்குப் பக்கத்தில் வேறு ஒரு இடத்தில் ஸ்கேன். சீட்டில் ‘வலது மார்பு’ என்று இருந்ததால் அவர்கள் வலதை மட்டும் பார்த்திருக்கிறார்கள். கட்டி எதுவும் இல்லை. கரைந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

“நான் அங்கயும் சொன்னனுங்க, வலி இந்தப் பக்கம்னு. சீட்டுல இருக்கறதைத்தான் பாக்க முடியும்னு சொல்லிப்போட்டாங்க.” எதிரில் இருந்த இரும்பு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். “நாலஞ்சு நாளு வரும், நின்னுக்கும். நின்னுபோச்சுன்னு இருப்பேன், மறுபடி வந்துரும்.”

இப்போது நான் எழுதப்போவதை என் வீட்டிலும் சொன்னதில்லை. அந்த ஃபைல் திரையில் திறந்துதான் இருந்தது. அந்த ஒரு சொல்லை அழித்துச் சரியாக அடித்துச் சேமித்தால், எங்கள் கம்ப்யூட்டரில் பிழையே இருக்காது. அவர் கையில் இருந்த பிரதியை ‘பழசுங்க, புதுசு எடுத்துத் தர்றேன்’ என்று வாங்கிக்கொண்டால் தீர்ந்தது. கர்சர் அந்தச் சொல்லின் மேலேதான் துடித்துக்கொண்டிருந்தது. ஸ்கேன் எப்படியும் இன்றைக்கு எடுக்கத்தானே போகிறார்கள், யாருக்கு என்ன நஷ்டம் என்று மனம் பேசியது. அழிக்கும் பட்டனில் விரலை வைத்தேன். ஐம்பத்தொரு வயது அப்போது எனக்கு. இந்த வேலை போனால் இன்னொரு வேலை கிடைக்கும் வயது இல்லை.

“ஏனுங்க, பழைய நம்பர் இல்லீங்களா?” என்று கேட்டார் அவர். “இல்லீன்னாப் போச்சாதுங்க, புதுசாவே எழுதிக்குங்க.”

விரலை எடுத்துவிட்டேன். எது எடுக்க வைத்தது என்று இன்றும் எனக்குத் தெரியாது. நல்லவன் என்பதால் எடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அந்தப் பெண் எதிரே உட்காராமல் வரவேற்பிலேயே நின்றிருந்தால் என்ன செய்திருப்பேனோ.

“சித்தெ இருங்க” என்று சொல்லிவிட்டு ஃபைலோடு டாக்டரம்மா அறைக்குப் போனேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். மேஜையில் ரிப்போர்ட்டை வைத்து இரண்டு வரிகளையும் காட்டினேன்.

“நான் அடிச்சதுங்க. பழைய ஃபைல் மேல அடிச்சேன். மாத்தாம விட்டுட்டேன்.”

டீ டம்ளரை வைத்தார். மேலிருந்து படித்தார். கீழிருந்து படித்தார். தன் கையெழுத்தையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தனை மாசமாச்சுங்க?”

“பதினாலுங்க.”

“அந்த அம்மிணி எங்கீங்க இருக்கறாங்க?”

“வெளியில உக்காந்திருக்கறாங்க. அதே பக்கந்தான் வலிங்கறாங்க.”

“கம்ப்யூட்டர்ல எதையாவது தொட்டீங்களா?”

“இல்லீங்க.”

“தயவு செஞ்சு தொடாதீங்க.” எழுந்தார். “இப்பவே அவங்களை உள்ள வரச் சொல்லுங்க.”

ஸ்கேன் அறை வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தது. சாதாரணமாகப் பத்து நிமிடத்தில் அணையும். அன்று இருபது நிமிடம் ஆனது. இருபத்தைந்து ஆனது. வெளியே காத்திருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். பிறகு உதவியாளர் வந்து ரெக்கார்டரை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். ஹெட்போனை மாட்டினேன்.

“ஒரு விரல்ல காட்டுங்க அம்மிணி.” அமைதி. “இங்கீங்களா?” “ஆமாங்க, அதேதானுங்க.” மறுபடி அமைதி. பிறகு படத்தை நிறுத்தும் பட்டனின் சத்தம், டிக். அளவெடுக்கும்போது விழும் சத்தம், டிக், டிக். பல வருடமாகக் கேட்டுக் கேட்டு எனக்கு ஒன்று தெரியும். ஒன்றும் இல்லாத மார்பில் இந்தச் சத்தம் நான்கைந்து முறைக்கு மேல் வராது. அன்று வந்துகொண்டே இருந்தது. நீளம், அகலம், ஆழம், அக்குள். டாக்டரம்மாவின் குரல் எப்போதும் போலத் தாழ்ந்து, சீராக இருந்தது. இடது மார்பு. இரண்டு மணி. பதினான்கு மில்லிமீட்டர். ஓரம் ஒழுங்காக இல்லை. ஊசிப் பரிசோதனை அவசியம்.

வெற்றுத் தாளைத் திறந்து முதல் எழுத்திலிருந்து அடித்தேன். ‘இடது’ வரும் ஒவ்வொரு இடத்திலும் ரெக்கார்டரைப் பின்னோட்டி மறுபடி கேட்டேன். ஒரு பக்கம் அடிக்க முக்கால் மணி நேரம் ஆனது.

டாக்டரம்மா என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டுதான் கலாமணியிடம் பேசினார்.

“அம்மிணி, போன தடவை நாங்க குடுத்த ரிப்போர்ட்டுல தப்பு இருக்குதுங்க. கட்டி இருந்தது இடது பக்கம். முடிவுல வலதுன்னு போயிருச்சு. அதனாலதான் எல்லாரும் வேற பக்கத்தைப் பார்த்திருக்கறாங்க. தப்பு எங்களுது.”

கலாமணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பயத்தையோ கோபத்தையோ எதிர்பார்த்துத் தலை குனிந்திருந்தேன்.

“அப்பொ நான் சொன்னது நெசந்தானுங்களா?” என்று கேட்டார்.

“நெசந்தானுங்க.”

“மனப்பிராந்தின்னாங்க. லைன்ல சூப்பர்வைசரு, லீவு போடறதுக்குச் சொல்றேன்னாரு. மொதல்ல கூச்சப்பட்டுட்டு நெஞ்சு வலின்னு சொன்னனுங்க, நாலு மாசம் இ.சி.ஜி. எடுத்தே அனுப்பினாங்க. ஊட்டுக்காரரே போதும் சும்மா இருன்னு சொல்லிப்போட்டாரு.” இப்போதுதான் மற்றது உறைத்தது போலிருந்தது. “கட்டி பெருசாயிருச்சுங்களா?”

“பெருசாயிருக்குதுங்க. எட்டு இருந்தது பதினாலு ஆயிருக்குது. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பாக்கோணும்.”

“கேன்சருங்களா?”

“இருக்கலாமுங்க. இல்லாமலும் இருக்கலாம். இப்ப என்னால சொல்ல முடியாது.”

அவர் என் பக்கம் திரும்பினார். “இவருங்களா அடிச்சது?”

“நானுங்க” என்றேன்.

“சரிங்க” என்றார். அந்தச் ‘சரிங்க’வைச் சுமந்துகொண்டுதான் அடுத்த சில மாதங்கள் இருந்தேன்.

மறுநாள் காலை கணவர் வந்தார். செல்வராசு. நிட்டிங் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவர். துணியின் பஞ்சு இன்னும் தலைமுடியில் ஒட்டியிருந்தது, ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறார். டாக்டரம்மா நடந்ததைச் சொல்லி, “கையெழுத்து என்னுதுங்க” என்றார். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“அடிச்சது யாருங்க?”

எழுந்து நின்றேன். அருகில் வந்தார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஒரே ஒரு வார்த்தைதானுங்களே? அதைப் பார்த்து அடிக்க முடியலீங்களா உங்களுக்கு? பதினாலு மாசம் அவ சொல்லிட்டே இருந்தாளுங்க. சோறாக்கும்போது சொல்லுவா, படுக்கும்போது சொல்லுவா. நான் உங்க பேப்பரை எடுத்துக் காட்டி, படிச்சவங்க எழுதினது பொய்யா, நீ சொல்றது நெசமான்னு கேட்டனுங்க.” குரல் உடைந்தது. “நானும் நம்பலீங்களே.”

நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

டாக்டரம்மா அன்றைக்கே திருத்திய ரிப்போர்ட்டைக் கொடுத்தார். பழையதை அழிக்க விடவில்லை. புதியதில், முன்பு கொடுத்த ரிப்போர்ட்டின் முடிவில் பக்கம் தவறாகக் குறிக்கப்பட்டது என்று முதல் வரியாக அடிக்கச் சொன்னார். அடித்தேன். அந்த ஆஸ்பத்திரிக்கும், பிறகு ஸ்கேன் எடுத்த இடத்துக்கும் அவரே போன் செய்து பிழையைச் சொன்னார். பிறகு என்னைக் கூப்பிட்டு, “கோயமுத்தூருக்கு ஊசிப் பரிசோதனைக்குப் போறாங்க. நீங்க கூடப் போங்க. பழைய படம், புதுப் படம், ரெண்டு ரிப்போர்ட்டு, எல்லாம் உங்க கையில இருக்கோணும். அங்க யாராவது எந்தப் பக்கம்னு கேட்டா, நீங்க சொல்லாதீங்க. அவங்களைச் சொல்ல விடுங்க” என்றார்.

மூவரும் பஸ்ஸில் போனோம். கணவனும் மனைவியும் ஒரு சீட்டில், நான் பின்னால். அவிநாசி தாண்டியதும் கலாமணி பையிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கணவருக்குப் பாதி கொடுத்தார். மீதிப் பாதியைத் திரும்பிப் பார்க்காமலே பின்னால் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். சாப்பிடாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் வந்து, ஃபைலைப் புரட்டினார். அவர் கண் நேராகப் பழைய ரிப்போர்ட்டின் கடைசி வரிக்குப் போனதைப் பார்த்தேன். என் வாய் திறந்துவிட்டது. அதற்குள் கலாமணி தன் இடது பக்கத்தில் விரலை வைத்து, “இங்கீங்க” என்றார், அந்த வராந்தா முழுவதும் கேட்கும்படி. ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கூசவில்லை. “இந்தப் பக்கமுங்க. நல்லாப் பார்த்துக்குங்க.” டாக்டர் பேனாவால் அவர் தோளில் அந்தப் பக்கத்தைக் குறித்துக்கொண்டு உள்ளே அழைத்துப் போனார்.

முடிவு வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் நான் ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் வெற்றுத் தாளில்தான் அடித்தேன். வேலை குவிந்தது, நோயாளிகள் சத்தம் போட்டார்கள், டாக்டரம்மா என்னை அவசரப்படுத்தவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பழைய ஃபைல்களைத் திறந்து, மேலும் கீழும் ஒப்பிட்டுப் பார்த்தேன். மூன்று வருடத்து மார்பு ஸ்கேன்கள் முழுவதையும் பார்த்தேன். வேறு பிழை இல்லை. அந்த நிம்மதி ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

பத்தாம் நாள் செல்வராசு போன் செய்தார். “வந்துருச்சுங்க” என்றார். பின்னால் நிட்டிங் மெஷின்கள் ஓடும் சத்தம். “அதுதானுங்க.”

ராஜினாமாக் கடிதம் எழுதி டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். “நீங்க போயிட்டீங்கன்னா, இந்தத் தப்பு எப்படி நடந்துச்சுன்னு தெரிஞ்ச ஆளு இங்க இருக்க மாட்டாங்க. நான் மறந்துருவேன், இன்னொருத்தரு வந்து மறுபடி செய்வாங்க. உக்காந்து வேலையைப் பாருங்க.” அன்று மாலைதான் அந்த நோட்டை அவரே கையால் எழுதி என் மேஜைக்கு மேலே ஒட்டினார்.

அவரிடம் கேட்கத் துணிவு வர இரண்டு வாரம் ஆனது. “பதினாலு மாசத்துக்கு முன்னாடியே பார்த்திருந்தா வித்தியாசம் இருந்திருக்குமுங்களா?”

“தெரியலீங்க” என்றார். “அப்பவே ஆறு மாசத்துல சரியான பக்கத்தைப் பார்த்திருந்தா, இன்னும் சின்னதா இருக்கும்போது எடுத்திருக்கலாம். அக்குளுக்குப் பரவலீங்கறது அவங்க நல்ல நேரம். ஆனா ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு நான் சொல்ல மாட்டேனுங்க ஆறுமுகம்.” எனக்கும் அவர் ‘பயப்படாதீங்க’ சொல்லவில்லை.

கட்டியை மட்டும் எடுத்தார்கள். மார்பை எடுக்க வேண்டி வரவில்லை. பிறகு ஐந்து வாரம் கோயமுத்தூருக்குப் போய்வந்து கதிர் சிகிச்சை. தினம் ஒரு மாத்திரை. கலாமணி அடுத்த பொங்கலுக்கெல்லாம் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து, அதே வலி மறுபடி வந்தது.

முகம் வெளுத்து எங்கள் வாசலில் நின்றார். சிவப்பு விளக்கு எரிந்தது. ரெக்கார்டர் வந்தது. டிக் சத்தம் மூன்று முறை. அவ்வளவுதான். இடது மார்பு, அறுவைத் தழும்பு, வேறு எதுவும் தெரியவில்லை.

“அப்பொ எதுக்குங்க வலிக்குது?” என்று அவர் கேட்டது ரெக்கார்டரில் விழுந்திருந்தது.

“தெரியலீங்க அம்மிணி. ஆபரேஷன்னால இருக்கலாம். ஆனா இது பழைய வலி மாதிரியே இருக்குதுங்கறீங்க. அந்தப் பழைய வலியே கட்டியால வந்துச்சான்னும் என்னால சொல்ல முடியாது. அந்த மாதிரிக் கட்டி பெரும்பாலும் வலிக்கறதில்லை.”

“வலிக்காம இருந்திருந்தா நான் வந்தே இருக்க மாட்டனுங்களே.”

“ஆமாங்க. அதனால மறுபடி வலிச்சா மறுபடி வாங்க. ஒண்ணுமில்லீன்னு போன தடவை சொன்னாங்களேன்னு இருந்துக்காதீங்க.”

அப்படியே வந்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முறைப்படி, நடுவில் வலிக்கும்போது தனியாக. அந்த வலிக்கு இன்று வரை யாரும் காரணம் கண்டுபிடிக்கவில்லை. வரும், நான்கைந்து நாள் இருக்கும், போகும்.

இரண்டாம் வருடம் ஒருமுறை, அடித்து முடித்த ரிப்போர்ட்டைக் கவரில் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போகவில்லை. என் மேஜையிலேயே தாளை விரித்து வைத்தார்.

“ஏனுங்க, இதுல லெஃப்ட்டுங்கறது எதுங்க?”

காட்டினேன்.

“ரைட்டு?”

அன்றைய ரிப்போர்ட்டில் இரண்டு பக்கமும் இருந்தது. அதையும் காட்டினேன். அவர் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு நின்றவர். தாளின் மேல் குனிந்து இரண்டு சொற்களையும் வெகுநேரம் பார்த்தார். துணியில் ஊசி விட்டுப்போன இடத்தைத் தேடும் பார்வை.

“இந்த மொத எழுத்து எனக்குத் தெரியுமுங்க. எல்லு. லார்ஜு சைஸுக்கு லேபிள்ல இருக்கும்.” விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். “நாலெழுத்து. எல்லுல ஆரம்பிச்சு நாலெழுத்துன்னா எம் பக்கம். இது அஞ்செழுத்து, அந்தப் பக்கம். சரிங்களா?”

“சரிங்க” என்றேன்.

மேலே விவரத்தில் எண்ணினார். கீழே முடிவில் எண்ணினார். பிறகுதான் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒருமுறைகூட எண்ணாமல் வாங்கிப் போனதில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு, முப்பது வயதிருக்கும் ஒரு பெண் மார்பு ஸ்கேனுக்கு வந்தார். பக்கத்தைக் கேட்டு எழுதிவிட்டு ரிப்போர்ட்டைக் கொடுத்தேன். அவர் அங்கேயே கவரைப் பிரித்து, மேஜை மேல் விரித்து, ஒற்றை விரலை வரியின் மேல் நகர்த்த ஆரம்பித்தார். உதடு அசைந்தது.

“என்னுங்க பாக்கறீங்க?” என்றேன்.

“எங்க செக்கிங்ல கலாமணியக்கா சொல்லியிருக்கறாங்க. எண்ணிப் பார்க்காம வாங்கிட்டு வரக்கூடாதாமா.” நிமிரவில்லை. “சித்தெ இருங்க, எண்ணறது விட்டுப்போயிரும்.”

அவர் கடைசி வரிவரை எண்ணி முடிக்கும்வரை நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன்.